கரையாத துரியோதனன்

அவர் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அவருக்குச் சந்தோஷமாகிவிடும். தன் பெயர் அச்சில் ஏறிவிட்டதென்று இந்தப் பக்கத்தைக் கத்தரித்து, லேமினேஷன் போட்டு, சுவரில் மாட்டிவிடுவார். அந்தச் சந்தோஷத்தை அவருக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. அம்மன் என்னை மன்னிக்கட்டும், கோபம் இன்னும் போகவில்லை.

எங்கள் ஊர் தேர்வாய் கண்டிகை தொழிற்பூங்காவுக்குப் பக்கம். அங்கே ஒரு கம்பெனியில் நான் கேட் செக்யூரிட்டி. எட்டாவதோடு படிப்பு நின்றது. சாமி கும்பிடுவேன், டூட்டிக்குப் போவேன், குடும்பத்தைப் பார்ப்பேன். கலை அது இதென்று பேசுகிற ஆள் நானில்லை. அந்தப் பேச்சையெல்லாம் எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான்.

ஃபைபர்காரர் என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். முதலில் காக்களூரில் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தார். ஃபைபரில் தண்ணீர்த் தொட்டி, பாத்ரூம் கதவு, பூங்காவில் வைக்கிற மான், முயல் எல்லாம் செய்வார்கள். அப்புறம் கும்மிடிப்பூண்டிக்கு வேலை மாறி, எங்கள் எதிர்வீட்டில் குடிவந்தார். எந்நேரமும் உடம்பில் ரெசின் பசை நாற்றம். நகத்தின் மேல் மெழுகு மாதிரி ஒரு தோல் படிந்திருக்கும். நல்லதாக எதையாவது பார்த்துவிட்டால் நின்றுவிடுவார். தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார். கட்டை விரலால் அதைத் தடவுவார். பிறகு கேட்பார்:

"ஒரு அச்சு எடுத்துக்கலாமா?"

இதுதான் அவர். பிளாஸ்டர் பவுடரைக் குழைத்து மேலே ஊற்றுவார், காய்ந்ததும் எடுப்பார், அந்த அச்சில் ஃபைபரை வார்ப்பார். பலாப்பழத்துக்கு முள்ளோடு அச்சு எடுத்தார். கன்றுக்குட்டியின் குளம்புக்கு எடுத்தார். கல்யாண வீட்டில் மருதாணி போட்ட பெண்ணின் கையைக் கேட்டு, மாப்பிள்ளை வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒருநாள் எங்கள் கொல்லைச் சுவரில் என் மனைவி தட்டியிருந்த வறட்டியைப் பார்த்துவிட்டார். அவள் ஐந்து விரலும் அதில் பதிந்திருந்தது. அதற்கும் ஓர் அச்சு எடுத்தார். என் மனைவிக்குச் சிரிப்பும் வெட்கமும். "சாணியைப் போயி எடுத்துக்கினு போறாரு பாரேன்" என்று தெருவெல்லாம் சொன்னாள். அந்த ஃபைபர் வறட்டி இன்னமும் எங்கள் வீட்டில் டிவிக்கு மேல் இருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. அதையும் நான் மறைக்கவில்லை.

டீக்கடையில் உட்கார்ந்தால் அவருக்கு ஒரே பேச்சு. கலை இரண்டு ஜாதி என்பார். ஓவியம், சிற்பம், கட்டடம் இதெல்லாம் நிற்கிற கலை. பாட்டு, ஆட்டம், கூத்து இதெல்லாம் ஓடுகிற கலை. நிற்கிறதுதான் மேல். ஓடுகிறதைப் பிடித்து நிறுத்தினால்தான் அதற்கும் மதிப்பு. செய்தவன் போன பிறகும் இருந்தால் அது கலை, இல்லாவிட்டால் அது வெறும் வேலை. இப்படி ஒரு கணக்கு. நான் ஒருமுறை, எங்கள் தர்மராஜா கோயில் திருவிழாவில் இதெல்லாமே ஒரே இடத்தில் வருகிறதே, அது எந்த ஜாதி என்று கேட்டேன்.

"அதான் அண்ணாத்தே வயித்தெரிச்சல்" என்றார். "நிக்க வேண்டியதப் போட்டு நீங்க ஓட உட்றீங்க."

அவருக்கு அழிவது என்றால் ஆகாது. பிள்ளையார் சதுர்த்திக்கு எல்லோரையும் போல மண் பிள்ளையார் வாங்குவார், கொழுக்கட்டை படைப்பார். கரைக்கமட்டும் மாட்டார். அவர் வீட்டு அலமாரியில் வருஷவாரியாகப் பிள்ளையார்கள் வரிசை கட்டி உட்கார்ந்திருந்தார்கள், சிலர் காது உதிர்ந்து, சிலர் தும்பிக்கை வெடித்து. கரைக்காத சாமியை வீட்டில் வைத்தால் என்ன ஆகுமோ என்று அவர் மனைவிக்கு உதறல். ஒருநாள் அவர் வேலைக்குப் போனதும் அந்த அம்மாள் ஒரு பிள்ளையாரைச் சிமெண்டுப் பையில் சுற்றி என் மனைவியிடம் கொண்டுவந்து, ஏரியில் விட்டுவிடச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டாள். விட்டோம். சாயங்காலம் வந்து அலமாரியைப் பார்த்தவர் தெருவில் இறங்கி, பிள்ளையைக் காணாதவர் மாதிரி வீடு வீடாக விசாரித்தார். விஷயம் தெரிந்ததும் என்னிடம் வந்து, "நீயுமா அண்ணாத்தே" என்றார். அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

சிரிப்பு போனது எப்போது என்று சொல்கிறேன்.

என் மகளைக் கும்மிடிப்பூண்டியில்தான் கொடுத்திருந்தோம். இரண்டு தடவை வயிற்றில் தங்கவில்லை. மூன்றாவது பிறந்தது, ஆண் குழந்தை. ஒரு வாரம்கூட இருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தோம். மஞ்சள் துணியில் சுற்றி நடுவீட்டில் வைத்திருந்தோம். மகள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், அழக்கூட இல்லை. அப்போது இவர் வந்தார். கையில் ஒரு பை. எல்லோரையும் போலக் கும்பிட்டார். என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். காதோடு சொன்னார்:

"தப்பா நெனக்காத அண்ணாத்தே. புள்ள காலுக்கு ஒரு அச்சு எடுத்துக்கலாமா? அஞ்சே நிமிசம்."

அவர் சட்டையைப் பிடித்துத் தரதரவென்று தெருவுக்கு இழுத்துவந்துவிட்டேன். அடித்திருப்பேன், என் தம்பி தடுத்தான். பையிலிருந்த பவுடர் கொட்டித் தெரு வெள்ளையாகக் கிடந்தது. "உனுக்குத்தான் கேட்டேன், எனுக்கா கேட்டேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

ஒரு மாசம் கழித்து ஒருநாள் மகள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். என்னை நைனா என்றுதான் கூப்பிடுவாள். "அன்னிக்கு எடுத்திருந்தா இருந்திருக்கும் இல்ல நைனா?" என்றாள். எனக்கு அவர்மேல் இருந்த ஆத்திரம் இரண்டு மடங்கானது. என் மகள் மனசில் இப்படி ஒரு கேள்வியை நட்டுவிட்டுப் போனாரே.

இனி படுகளத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தர்மராஜா கோயில் என்றால் திரௌபதி அம்மன் கோயில். திருவிழாவில் பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரியில் கூத்து. கடைசி நாள் காலையில் படுகளம். கோயில் எதிரே தரையில் துரியோதனனை மண்ணால் படுக்கவைப்பார்கள், ஒரு வீடு நீளத்துக்கு. வீட்டுக்கு ஒரு கூடை ஏரி மண் கொண்டுபோய்க் கொட்டவேண்டும், அதுதான் அவன் உடம்பு. மீசை, கிரீடம், முழித்த கண் எல்லாம் வைத்து, தொடைக்குள் சிவப்புத் தண்ணீர் ஊற்றிய பானையைப் புதைப்பார்கள். பீமன் வேஷக்காரர் கதாயுதத்தால் தொடையில் அடிப்பார். பானை உடையும். அந்த ரத்தத்தைத் தொட்டுத் திரௌபதி இத்தனை நாள் விரித்துப்போட்ட கூந்தலை முடிவாள். முடிந்த உடனே ஜனங்கள் பாய்ந்து ஆளுக்கொரு பிடி மண் எடுத்துக்கொள்வோம். வீட்டில் கட்டி வைப்போம், நெல் குதிரில் போடுவோம், மாட்டுக் கொட்டகையில் தூவுவோம். அரைமணி நேரத்தில் துரியோதனன் இருந்த இடமே தெரியாது. சாயங்காலம் தீமிதி.

குழந்தை போன அடுத்த வருஷம் என் மகள் மறுபடி முழுகாமல் இருந்தாள். ஐந்தாம் மாசம். படுகள மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து அவள் இடுப்பில் கட்டுவதாக என் மனைவி திருவிழாவுக்குக் காப்புக் கட்டின அன்றே வேண்டிக்கொண்டாள். எங்களுக்கு வேறு வழி தெரியாது. டாக்டர் பார்க்கிறதைப் பார்த்தார், மீதி அம்மன்தான்.

அந்த வருஷம்தான் இவர் கோயில் கமிட்டிக்குப் போய் நின்றார். ஏரியில் மண் எடுக்க இப்போதெல்லாம் ஆயிரம் கேள்வி, பசங்கள் எல்லாம் ஷிஃப்டு, கூடை சுமக்க ஆள் இல்லை. ஃபைபரில் துரியோதனன் செய்து தருகிறேன், ஒரு பைசா வேண்டாம், என் காணிக்கை என்றார். கழற்றி மாட்டுகிற மாதிரி செய்வாராம். வருஷா வருஷம் ஷெட்டிலிருந்து எடுத்து நட்டு முடுக்கினால் போதுமாம். பானை வைக்கத் தொடையில் குழியும் விடுவாராம். கமிட்டிக்காரர்கள் தலையாட்டிவிட்டார்கள். நான் எழுந்து, மண்ணுக்கு என்ன வழி என்று கேட்டேன். "அத அப்புறம் பாத்துக்கலாம் உக்காரு" என்றார்கள்.

படுகளத்தன்று காலையில் போய்ப் பார்த்தால், பொய் சொல்லக்கூடாது, அப்படி ஒரு துரியோதனனை நான் பார்த்ததில்லை. மீசையில் மயிர் மயிராகத் தெரிகிறது. கிரீடத்தில் தங்கம் தகதகக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் நம்மையே பார்க்கிறான். ஜனங்கள் அவன் முகத்துக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். இவர் வெள்ளை வேட்டி கட்டி, துண்டால் அவன் நெற்றியில் படிகிற தூசியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

பீமன் ஆடிக்கொண்டு வந்தார். விரதமிருந்து கண் சிவந்து, ராத்திரியெல்லாம் ஆடின உடம்பு. துரியோதனன் வயிற்றின் மேல் எகிறிக் குதித்தார். டொம் என்றது.

வெறும் தண்ணீர்த் தொட்டியில் கல் விழுந்த சத்தம். ஓரமாக நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பீமனுக்கு முகம் செத்துப்போனது. கதையை ஓங்கித் தொடையில் அடித்தார். மறுபடி டொம். பானை உடைந்தது, சிவப்புத் தண்ணீர் வந்தது. வந்து என்ன? பளபளவென்று வழுக்கிக்கொண்டு ஓரத்தில் ஒழுகியது. ஒரு சொட்டு ஊறவில்லை. எங்கள் ஊர் படுகளத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான்.

பழக்கம் விடுமா? தொடையில் அடி விழுந்ததும் ஜனம் பாய்ந்தது. கைகளெல்லாம் வழுக்கின. சில பெண்கள் நகத்தால் சுரண்டினார்கள். ஒருவர் அரிவாளால் ஓரத்தைக் கொத்த, அங்கே கை வைத்தவர்களுக்கெல்லாம் கண்ணாடி நார் உள்ளங்கையில் ஏறிவிட்டது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அரிப்பு உயிர் போகும். என் மனைவி கையைப் புடவையில் தேய்த்துக்கொண்டு ஓரமாக அழுதாள். என் மகள் வெறும் மஞ்சள் துணியை விரித்துப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அவர் சட்டையைப் பிடித்தேன்.

"மண்ணு எங்கய்யா?"

"மூஞ்சப் பாரு அண்ணாத்தே" என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர். "மூஞ்ச ஒரு தரம் பாரு. வருசா வருசம் இவ்ளோ அழகா செஞ்சி, அர மணி நேரத்துல மிதிச்சி வாரிக்கினு பூட்றீங்க. எப்பிடிய்யா மனசு வருது உங்களுக்கு?"

"சாவறதுக்குத்தான்யா செய்யறோம்" என்று கத்தினேன். "இவன் செத்தாத்தான் அவ முடிய முடிவா. இவன் மண்ணாப் போனாத்தான் என் பொண்ணு வயித்துக்குக் காவலு. இவன இப்பிடி சாவாம படுக்கப் போட்டுக்கிறியே, நீயெல்லாம் மனுசனா?"

பதில் வேறு இடத்திலிருந்து வந்தது. திரௌபதி வேஷம் கட்டியவர் கூத்து வாத்தியார். விரித்த தலையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கமிட்டிக்காரர்கள் கெஞ்சினார்கள். நேரம் ஆகிறது, தீக்குழிக்குக் கட்டை அடுக்கியாகிவிட்டது, முடியை முடியுங்கள் என்றார்கள்.

"இவன் சாவல" என்றார் வாத்தியார். "நான் முடிய மாட்டேன்."

அவ்வளவுதான். கூந்தல் முடியாமல் தீமிதி கிடையாது. தீமிதி இல்லாமல் காப்பு அவிழ்க்க முடியாது. ஊரே கட்டுப்பட்டு நிற்கிறது. ஃபைபர்காரர் மட்டும் துண்டை எடுத்து, சிதறின சிவப்புத் தண்ணீரை அந்த ஃபைபர்த் தொடையிலிருந்து துடைத்துக்கொண்டிருந்தார்.

என் மனைவிதான் முதலில் கிளம்பினாள். அரிக்கிற கையோடு ஏரிப் பக்கம் நடந்தாள். பின்னாலேயே மற்றப் பெண்கள். கூடை, பக்கெட், முந்தானை, எது கிடைத்ததோ அதில் மண் வந்தது. நைட் ஷிஃப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கின பசங்கள் விஷயம் தெரிந்து, யூனிஃபார்மோடு போய் ஹெல்மெட்டில் அள்ளிக்கொண்டு வந்தார்கள். மண் எடுக்கக்கூடாது என்று சொல்ல அன்றைக்கு எவனும் வரவில்லை, வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஃபைபர் துரியோதனன் பக்கத்திலேயே மண்ணைக் கொட்டி ஓர் உருவம் பிடித்தோம். ஆள் நீளத்துக்குத்தான் வந்தது. கால் இரண்டும் ஒரே உருளையாக இருந்தது, அதன் தொடைக்குள் சிவப்புத் தண்ணீரோடு வேறொரு பானை புதைத்தோம். கண்ணுக்குச் சுண்ணாம்பு உருண்டை. மீசை என்று யாரோ கரியை அப்பினார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் மண். எங்கள் மண்.

எங்களுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"மூக்கு கோணலா கீது."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரையும் சேர்த்துப் புதைத்திருப்பேன். கை ஓங்கிவிட்டேன். என் மகள் குறுக்கே வந்தாள்.

"நேரா வைங்க மாமா" என்றாள் அவரிடம்.

அவர் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டியிட்டார். மூக்கை நிமிர்த்தினார். சரி, எழுந்துவிடுவார் என்று பார்த்தால், உதட்டுக்குப் போனார். கரியைத் துடைத்துவிட்டு மண்ணிலேயே மீசை இழுத்தார். சுண்ணாம்பு உருண்டையை எடுத்துவிட்டு இமை வைத்தார். எங்கள் கண்ணெதிரே அந்த மண் உருண்டையில் ஒரு முகம் ஏறி வந்தது. ஃபைபர் துரியோதனன் திமிராகப் பார்த்தான். இவன் அப்படிப் பார்க்கவில்லை. தன் நேரம் வந்துவிட்டது என்று தெரிந்த ஆள் பார்ப்பது மாதிரி பார்த்தான். கூட்டத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள்.

பீமன் கதையைத் தோளில் வைத்துக் காத்திருந்தார். வெயில் ஏறிவிட்டது. வாத்தியார் விரித்த தலையோடு எழுந்து நின்றுவிட்டார். ஃபைபர்காரர் எழுந்திருக்கவில்லை. "காது மட்டும், காது மட்டும்" என்கிறார். காது முடிந்தது. அப்புறமும் கை அந்தக் கன்னத்தை விட்டு வரவில்லை.

"கைய எடுங்க மாமா" என்றாள் என் மகள்.

எடுத்தார்.

அடி விழுந்தது. தொடை பிளந்து, பானை உடைந்து, மண் சிவப்பை உறிஞ்சியது. வாத்தியார் இரண்டு கையாலும் அந்தச் சேற்றை அள்ளிக் கூந்தலில் பூசி முடிந்தார். குலவைச் சத்தத்தில் காது அடைத்தது. பீமன் அந்த முகத்தின் மேல்தான் ஏறி மிதித்தார். நான் விழுந்து வாரினேன். மகளின் மஞ்சள் துணி நிறைகிற அளவுக்கு வாரினேன்.

பேத்தி பிறந்தாள். ஓடி விளையாடுகிறாள். அம்மன் செயல். அந்த ஃபைபர் உடம்பு கோயிலுக்குப் பின்னால் துண்டு துண்டாகக் கிடந்தது, தலைக்குள் ஒரு நாய் குட்டி போட்டது. அடுத்த வருஷத்திலிருந்து மறுபடியும் வீட்டுக்கு ஒரு கூடை. அவரும் வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டார். எல்லாம்தான் நல்லபடியாக முடிந்ததே, அந்த மூஞ்சியை அவர்தானே செய்து கொடுத்தார், இன்னும் எதற்கு அவர்மேல் கோபம் என்று என் மனைவி கேட்கிறாள்.

அவள் பார்க்காததை நான் பார்த்தேன். எல்லோரும் மண்ணை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கலைந்த பிறகு, கோயில் பக்கத்துக் குழாயடியில் அவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். கை கழுவிக்கொண்டிருந்தார். படுகளத்து மண் ஒட்டின கையை அன்றைக்கு யாரும் கழுவமாட்டோம், அந்தக் கையோடுதான் சாயங்காலம் தீயில் இறங்குவோம். இவரோ முழங்கைவரை சோப்புப் போட்டு, குச்சியால் நகத்துக்குள் நோண்டி நோண்டிக் கழுவுகிறார். அழுதுகொண்டே கழுவுகிறார். என்ன செய்கிறீர் என்று கேட்டேன்.

"ஒண்ணும் மிச்சம் வைக்கக் கூடாதுன்னுதான சொல்றீங்க" என்றார். "வைக்கல."

"யோவ், கையில ஒட்னது உன் பங்குய்யா" என்று கத்திக்கொண்டே போய்க் குழாயை மூடினேன்.

அதற்குள் இரண்டு கையும் சுத்தமாகியிருந்தது.